தவக்காலத்தில் காய்ச்சிய பியர்

ஜனவரி 27, செவ்வாய்

கடையில் இன்று இருமல் மருந்து மட்டுமே ஓடியது. பனிக்கு எங்கள் பொம்மிடி ஊரே சேர்ந்து இருமுகிறது. மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன் இதற்காகச் சந்தோஷப்படலாமா என்று ஃபாதரிடம்தான் கேட்க வேண்டும்.

பிளசி போன் செய்தாள். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. ஈஸ்டருக்கு லீவில் வருகிறாள். வார்டில் யாரோ ரிட்டையர் ஆனார்களாம், எல்லோருக்கும் பியர் ஊற்றினார்களாம். "சுட்ட ரொட்டி வாசம்ங்க. நல்லாத்தான் இருந்துச்சு." பியர் என்ற சொல்லையே மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்பவள் என் மனைவி.

பிறகு மெதுவாக, "நிரந்தரமா இருந்துக்கச் சொல்றாங்க. ஏப்ரலுக்குள்ள சொல்லணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"யோசிக்கிறேன்னேன்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் நெட்வொர்க்கைக் குறை சொன்னோம்.

ஜனவரி 30, வெள்ளி

தாடிக்காரன் ஒருவன் சமையலறையில் தானியத்திலிருந்தே பியர் காய்ச்சுகிற வீடியோ பார்த்தேன். முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஹாப்ஸ் என்று ஒரு கசப்புப் பூ, ஈஸ்ட், தண்ணீர். அவ்வளவுதான். அங்கே அவளுக்குப் பிடித்தது ஒன்று இங்கேயும் இருந்துவிட்டால்? — ஐம்பத்திரண்டு வயதில் ஓடுகிற புத்தியைப் பாருங்கள். கோயமுத்தூரில் இருக்கும் மகன் ஜோவிடம் சொன்னேன். சாமான்களை ஆர்டர் போட்டுவிட்டு, "அப்பா, இது நம்மூர்ல சட்டப்படி தப்பு, தெரியுமில்ல?" என்றான். தெரியும். அம்மாவிடம் மூச்சு விடாதே என்றேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

முதல் முயற்சி. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

பார்லியை உடைக்க மாவு மில்லுக்குப் போனேன். மில் அமுதவல்லி ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். "மொளகட்டுனதை வறுக்காமயா எடுத்தாந்தீங்க? எப்படிங்கண்ணா வாசம் வரும்? புள்ளைக்கி வயிறு வலிக்கும்." எந்தப் பிள்ளைக்கு என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இந்த ஊரில் முளைகட்டின தானியம் என்றால் சத்துமாவு, சத்துமாவு என்றால் வறுக்க வேண்டும். எனக்கும் நியாயமாகப் பட்டது. வீட்டுக்குத் திரும்பி, தெருவே மணக்க வறுத்து, மறுபடி கொண்டுபோய் உடைத்து வந்தேன்.

சுடுதண்ணீரில் ஊறினால் மாவு சர்க்கரையாக மாற வேண்டும். மாறிற்றா என்று பார்க்க ஒரு சொட்டு அயோடின் விடவேண்டுமாம். அது ஒன்றுக்காவது என் கடை உதவுகிறதே. விட்டேன், கறுத்துப்போனது. கறுத்தால் இன்னும் மாவுதான். சாயங்காலம் வரைக்கும் விட்டுக்கொண்டே இருந்தேன். கறுப்பு, கறுப்பு, கறுப்பு. ஜோவுக்குப் போன் போட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறான். மாவைச் சர்க்கரையாக்குகிற சத்து வறுத்தால் செத்துப்போகுமாம்.

கூட இருப்பது பிளசியின் அம்மா, ஆரோக்கியம்மாள் அத்தை. வெல்லம் போட்டு ஒரு சொம்பு குடித்துவிட்டு, "கஞ்சி நல்லா வந்திருக்குது மாப்ளே" என்றார்.

பிப்ரவரி 18, புதன்

நெற்றியில் சாம்பல். தவக்காலம் தொடங்கிவிட்டது. வருடா வருடம்போல, ஈஸ்டர் வரை ஒரு சொட்டு மது தொடமாட்டேன் என்று பொருத்தனை. வீட்டுக்கு வந்தால் வாசலில் புது பார்லி பார்சல். ஆண்டவருக்கும் கேலி தெரியும்.

பிப்ரவரி 28, சனி

வறுக்கவில்லை. மில்லுக்கும் போகவில்லை, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டினேன். மூட்டை கட்டிச் சுடுதண்ணீரில் இறக்கி, கம்பளி போர்த்தி, அடைகாக்கும் கோழி மாதிரி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அயோடின் விட்டேன். கறுக்கவில்லை. தண்ணீர் தித்தித்தது — சமையலறையில் தனியாக நின்று, "பிளசி, இனிக்குதுடி" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்தபோது பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள் வந்துவிட்டாள். "என்னாங்கண்ணா, வேப்பந்தழையா வேவுது?" மாட்டுக்குக் கஷாயம் என்றேன். எங்களிடம் மாடு கிடையாது. அவளுக்கும் அது தெரியும்.

சக்கையைத் தக்காளி விவசாயி சென்றாயன் தன் மாடுகளுக்கு அள்ளிப்போனான்.

மார்ச் 3, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. ஈஸ்ட் போட்டு மூடிய வாளியைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து ஈரச்சாக்கு சுற்றியிருக்கிறேன். உள்ளே குமிழி விடுகிறது. கல்யாணமான புதிதில் பிளசி தூக்கத்தில் ஏதோ முணுமுணுப்பாள், அந்த மாதிரி. காது வைத்துக் கேட்டேன். எவனாவது பார்த்திருந்தால் தொலைந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

பழைய இரும்புக்கடையில் காலி பியர் பாட்டில் ஒரு சாக்கு வாங்கி, சைக்கிளில் மாட்டி, கடைத்தெரு வழியாகவே கொண்டுவந்தேன். புத்திசாலி. தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனம் வெளியே வருகிற நேரம். சாக்கு போட்ட சத்தம் கோயில் மணியைத் தோற்கடித்தது.

பாட்டிலில் நுரை வர சர்க்கரை போட வேண்டும். கைக்கு வந்ததைப் போட்டு அடைத்து, கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். ருசி பார்க்க எனக்குப் பொருத்தனை தடை. சென்றாயனைக் கூப்பிட்டேன். குடித்துவிட்டு யோசித்தான். "கஞ்சித்தண்ணி பாவக்கா தின்ன மாதிரி இருக்குது ஆண்டோ." பிறகு டம்ளரை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் ஊத்து. தீர்ப்பு சொல்றதுன்னா சும்மாவா?"

மார்ச் 19, வியாழன்

பிளசி போன். குரலே சரியில்லை.

"குடிக்கிறீங்களாமே."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லல? சாக்கு சாக்கா பாட்டில் போவுதாம். கோவிந்தம்மா வாய்ஸ் மெசேஜ் போட்டுருக்காங்க. நான் இல்லாம நீங்க கெட்டுப் போயிட்டீங்களாம்."

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அவள் முகத்தை நேரில் பார்க்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே இத்தனையும். "வந்து பாரேன்" என்றேன். குடிகாரன் சொல்கிற மாதிரியே இருந்தது. வைத்துவிட்டாள்.

ஒரு சொட்டுகூடத் தொடாமல் ஊரில் குடிகாரன் பேர் வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சிரிப்பு வரவில்லை. இதைக் கேட்டுப் பயந்து அவள் அங்கேயே இருந்துவிட்டால்? ஏண்டா உனக்கு இந்த வேலை?

மார்ச் 27, வெள்ளி

இந்த வாரம் தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டில். தெருப் பெண்கள் எல்லோரும் செபமாலையோடு உட்கார்ந்திருக்க, மூன்றாம் மறையுண்மையில் கட்டிலுக்கு அடியில் ஒரு பாட்டில் வெடித்தது. போட்ட சர்க்கரை அப்படி. நுரை ஊர்ந்து வந்து நடுவில் நின்றது. அத்தை கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "மாப்ளெ கடை டானிக்கு. வெயிலுக்கு ஆவல" என்றுவிட்டு அடுத்த அருள்நிறை மந்திரத்தைத் தொடங்கினார். தவக்காலத்தில் எனக்காக ஒரு பொய். அவருக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிருந்தோ.

ஏப்ரல் 4, சனி

ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேன். பிளசி இறங்கியதும் நேராக என்னை ஒட்டி வந்து நின்றாள். மூன்று வருட ஏக்கம் என்று நெகிழ்ந்துபோனேன். மோந்து பார்த்தாள்.

"குடிக்கல போல."

இளைத்திருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டியிருக்கிறாள். நடை வேகமாகிவிட்டது. பெட்டியை நான் தூக்குவதற்குள் அவள் பிளாட்பாரத்தின் பாதிக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

கறிச்சோறு முடிந்ததும் பாட்டிலை எடுத்து வந்தேன். அத்தை மொத்தக் கதையையும் சொல்லிவிட்டார், வறுத்தது உட்பட. பிளசி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்த நிமிஷம் எனக்குக் கிடைத்துவிட்டது. அதை யாரும் பிடுங்க முடியாது.

குடித்தாள். "கலங்கலா இருக்குது. ஆனா ரொட்டி வாசம் வருதுங்க." டம்ளரைக் காலி செய்தாள். கீழே வைத்தாள்.

"அங்கயே இருந்துக்கறன்னு கையெழுத்து போட்டுட்டன்ங்க. கிளம்பறதுக்கு முன்னாடியே."

"ஊர்ல பேசுனதைக் கேட்டா?"

"இல்ல. அதை நம்பியிருந்தா அன்னிக்கே ஓடியாந்திருப்பன். அங்க நான் வார்டுக்குள்ள போனா, பிளசி வந்துட்டான்னு பெருசுங்கல்லாம் எழுந்து ஒக்காருதுங்க. இங்க யாரு எழுந்தாங்க?"

"நான்?"

"நீங்க படுத்துக்கிட்டே டீ கேப்பீங்க."

உண்மை.

"நீங்க வாங்களேன்" என்றாள்.

"அங்க வந்து நான் என்ன பண்றது?"

"இங்க என்ன பண்றீங்க? கட்டலுக்கு அடியில ஒளிச்சி வெச்சி பியர் காச்சறீங்க. அங்க ஒளிக்க வேண்டாம்."

என் பியர். முதல் வாய். கொஞ்சம் கசப்பு அதிகம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பிளசி போய்விட்டாள். தலையணையில் அவள் புது ஷாம்பு வாசம். உறை மாற்ற வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 22, புதன்

"நான் இன்னாசிராஜ் வூட்டுக்கு நல்லம்பள்ளி போறன்" என்றார் அத்தை, நான் எதுவுமே கேட்காமல். அவருடைய மகன். "பிளசிகிட்ட போவாம இருக்க என்னை மட்டும் காரணம் சொல்லாதீங்க மாப்ளே. அவன் பொண்டாட்டியும் என்கிட்ட கொஞ்சம் படட்டும்."

ஜூன் 14, ஞாயிறு

தர்மபுரியில் ஜெர்மன் வகுப்பு. பெஞ்சு முழுக்க நர்சிங் முடித்த பெண்கள். "அங்கிள், நீங்க யாரைக் கூட்டிட்டு வந்தீங்க?" என்று ஒருத்தி அக்கறையாகக் கேட்டாள். என்னைத்தான் என்றேன்.

குடும்பத்தைப் பற்றி ஜெர்மனில் ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னார் டீச்சர். நான்கில் சிவப்பு மை. "என் மனைவி வெகு தூரத்தில் இருக்கிறாள்" என்பதில் மட்டும் ஒரு தப்பும் இல்லையாம்.