மணப்பெண்ணின் காதில் நீ சொன்னது

ஞாயிற்றுக்கிழமை ஹெப்பகோடியில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் தெளித்த பன்னீர் கேமரா பையின் மேலும் பட்டுவிட்டது. இன்று பையைத் திறந்தால் அதே வாசனை, கூடவே உன் ஞாபகம். உனக்கு எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது துக்கம் இல்லையடா, எரிச்சல்தான்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "உங்ககூட இன்னொரு தம்பி வருவாரே, பெரியவன் கல்யாணத்துல எல்லாரையும் சிரிக்க வெச்சாரே, அவர் வரலியா?"

"அவன் போன ஆடியில இறந்துட்டாம்மா. நெஞ்சு வலி."

மகன் தாலி கட்டப்போகும் நாளில் அந்த அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உன்னை ஒரே ஒரு நாள் பார்த்தவர். அந்த வீட்டுப் படங்கள் அத்தனையும் எடுத்தவன் நான். என் பெயர்கூட அவருக்கு நினைவில்லை.

அந்தப் பெரியவன் கல்யாணம் உனக்கு ஞாபகம் இருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள். வீட்டார் பார்த்து முடித்த சம்பந்தம். "சார், தோள்ல கை வைங்க. மேடம், கொஞ்சம் கிட்ட வாங்க" என்று நான் கத்தக் கத்த, பஸ்ஸுக்கு நிற்பவர்கள் மாதிரி விலகியே நின்றார்கள். நீ வெற்றிலையை மென்றபடி வந்தாய். "குரு, ஸ்வல்ப இரு, கொஞ்சம் தள்ளிக்கோ" என்று என்னை ஓரம்கட்டினாய். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் காதுக்குள்ள சந்தனம் போயிருக்கு பாரு. எடுத்து விடு."

அவள் விரலை வைத்ததும் அவன் கூச்சத்தில் துள்ளினான். அவள் காதை விடாமல் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் எடுத்தேன். அந்தப் படம்தான் இன்றும் அவர்கள் ஹாலில் மாட்டியிருக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் இவர்களைச் சிரிக்க வைத்தவன் யார் என்றுதான் கேட்கிறார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி மாப்பிள்ளையிடம் நானும் அதே சந்தனத்தைச் சொல்லிப் பார்த்தேன். அவர் போனை எடுத்து, செல்பி கேமராவில் காதைப் பார்த்து, தானே துடைத்துக்கொண்டார். "இப்ப ஓகேவா ப்ரோ?" என்றார். பெண் ஆடாமல் அசையாமல் நின்றாள்.

இதுகூடப் போகட்டும். தொழில். என் கல்யாணத்தை என்னால் அப்படி விட முடியவில்லை.

அடுகோடியில், உன் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில்தான் நடந்தது. அன்று கேமரா வேறொருவன் கையில். நீதான் எங்களை நிற்க வைத்தாய். அவள் வாணியம்பாடியிலிருந்து வந்தவள். ஊரும் புதிது, நானும் புதிது. முகம் வெளிறிப் போயிருந்தது. "பயமா இருக்கா?" என்று கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினாள். நீ வந்து குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாய். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாய்விட்டு, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பக்கத்தில் ஒன்றும் புரியாமல் விழித்துக்கொண்டிருக்கிற மாப்பிள்ளை நான். ஆல்பத்தில் முதல் படமே அதுதான்.

அப்புறம் நானும் அவளை எத்தனையோ முறை சிரிக்க வைத்திருக்கிறேன். அது வேறு சிரிப்பு.

ஒருநாள் டீக்கடையில் உன்னிடமே கேட்டேன். "டேய், அன்னைக்கு அவகிட்ட என்னடா சொன்ன?"

"உன் பொண்டாட்டிய கேக்க வேண்டியத என்னை ஏன் கேக்குற மச்சா?" என்று கண்ணைச் சிமிட்டினாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தேன். வீம்பில் அவளிடம் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அந்த அம்மா அழுததை என் மனைவியிடம் சொன்னேன். அவள் எதையோ நினைத்துக்கொண்டு சிரித்தாள். அதே சிரிப்பு. கண்ணில் தண்ணீர்.

"அவன் என்னதான் சொன்னான்? இப்பவாவது சொல்லேன்."

"மாட்டேன். அண்ணா எனக்கு மட்டும் சொன்னது."

"அவனே போயிட்டானே."

"அதனாலதான் சொல்ல மாட்டேன்."

செத்தவனைப் பார்த்து வயிறு எரிகிறது என்று நான் வேறு யாரிடம் சொல்ல? நீ போனதும் இது அடங்கிவிடும் என்று நினைத்தேன். அடங்கவில்லை. உன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கிறது, நீ நடந்துவரும் விதம் மறக்கிறது. இந்தப் பொறாமை மட்டும் நேற்றுப் பட்டது போல இருக்கிறது. இருக்கட்டும். இது இருக்கும்வரை எனக்கு நீ முழுதாகப் போய்விடவில்லை.