பேர் கூப்பிடாத ஏழு நாள்

ஆடி 5, திங்கள்

வெள்ளம் ஊரை மூழ்கடித்ததற்கு மறு வருஷம் எங்களை மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டை விட்டுக் கீழே இறக்கினார்கள். அதற்கும் மறு வருஷம் இது. காலையிலிருந்து காற்று. கொடியில் கிடந்த வேட்டி கீழ் மாடிக்குப் போய்விட்டது.

எனக்கு எழுதத் தெரியாது. மைக்கை அமுக்கிச் சொல்கிறேன், போன் எழுதிக்கொள்கிறது. ரேடியோவில் சேதி வாசிக்கிற மாதிரி நிறுத்திச் சொல்ல வேண்டும்.

காலேஜிலிருந்து ஒரு பெண். வாட்சாப், பேஸ்புக் பார்க்கிற வயசாளிகளின் உடம்பு, மனசு பற்றி ஆராய்ச்சியாம். எத்தனை மணி நேரம் பார்க்கிறீர்கள். தூக்கம் எப்படி. கண் எரிகிறதா. பிரஷர் பார்த்தாள். கூடுதல்.

"ஒரு வாரம் பாக்காம இருங்கய்யா. முன்னயும் பின்னயும் எப்படி இருக்குன்னு பாக்கணும்."

அடுப்படியிலிருந்து மருமகள்: "அத ஒரேயடியா பூட்டிட்டுப் போங்கம்மா. இஞ்சிச் சாறு குடிச்சா போதும்னு எவனோ போன்ல சொன்னாம்னு பிரஷர் மாத்திரைய நிறுத்துனவரு இவரு."

உண்மைதான். நாலு நாள் நிறுத்தினேன். அந்த ரோசத்தில், சம்மதம் என்று அந்தப் பெண் நீட்டிய தாளில் பெருவிரலை உருட்டிவிட்டேன்.

அந்தப் பெண் ரகசிய எண் போட்டு வாட்சாப்பைப் பூட்டினாள். அதற்கு முன் எங்கள் எஸ்டேட் ஆட்கள் குரூப்பில் சொன்னேன்: "ஒரு வாரம் வரமாட்டேன். நீங்களே பேர் கூப்பிட்டுக்கோங்க."

ஆடி 7, புதன்

ஆறு மணிக்கு விழிப்பு. வாய் தானாகப் பேர் சொல்கிறது.

எஸ்டேட்டில் விடியக்காலை ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்கள். கணக்கப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நான் கூப்பிடுவேன். தாள் வேண்டாம். போகப் போக எங்கள் வரிசைக்கு நான்தான் என்றாகிவிட்டது. கீழே இறங்கி ஆளுக்கொரு மூலையான பிறகு, தினம் ஆறு மணிக்கு வாட்சாப்பில் கூப்பிடுகிறேன். வரிசையில் எட்டுப் பேர். செத்தவர் பேரையும் விடுவதில்லை. ஒரு மூச்சு நிறுத்தி அடுத்த பேர். உயிரோடு நாலு பேர்:

பீர் முகமது, மேலப்பாளையம், மகள் வீடு.
அந்தோணி, தச்சநல்லூர், தனி.
பேச்சியம்மாள், மணிமுத்தாறு, தனி.
நான்.

"இருக்கேன்" என்று குரல் வராவிட்டால் போன் போடுவேன். எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்கு.

அந்தப் பெண் ஒரு தாள் தந்திருக்கிறாள். மூன்று முகம்: சிரிப்பு, சும்மா, அழுகை. தினம் ஒன்றில் கோடு. இன்று சும்மா.

ஆடி 9, வெள்ளி

நல்ல உறக்கம். கண் எரிச்சல் இல்லை. இட்லி அஞ்சு. வேட்டி கிடைத்தது. சிரிக்கிற முகத்தில் கோடு.

ஆடி 11, ஞாயிறு

காலையில் பீர் ஆட்டோவில் வந்தார். உட்காரவில்லை.

"ஏம்வே பேரு கூப்பிடல?"

"சொல்லிட்டுத்தானவே போனேன். நீரு கூப்பிட்டிருக்கலாம்லா?"

"நானா? அம்பது வருசமா கூப்பிட்டவரு நீரு இருக்க, நான் வாயத் தொறப்பனா? தெனம் ஆறு மணிக்குப் போனக் கையில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்வே. அந்தோணியும் அப்படித்தான் இருந்திருப்பான்."

பிறகு சொன்னார். அந்தோணி வியாழக்கிழமை குளிக்கிற இடத்தில் விழுந்திருக்கிறான். நேற்றுத்தான் கதவை உடைத்தார்கள். அப்போதும் உயிர் இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் முடிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நான் சிரிக்கிற முகத்தில் கோடு போட்டேன்.

மூன்று பேர் நம்பரும் எனக்கு மனப்பாடம். போன் பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அவர்களே கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். வரிசையில் நின்றவன் பேர் கேட்காமல் பதில் சொல்லமாட்டான். அது எனக்குத் தெரியாதா?

மருமகளைப் பூட்டைத் திறக்கச் சொன்னேன். எண் அந்தப் பெண்ணுக்குத்தான் தெரியுமாம். இஞ்சிச் சாறு சொன்னவனையும் என்னையும் ஒரே அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள்.

பேச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். அடக்கம் எப்போது என்று கேட்டாள். பிறகு: "போன்ல பேசுதது சரி அண்ணாச்சி. வரிசையில வச்சுக் கூப்பிடுங்க. அப்பத்தான் நான் இருக்கேன்னு எனக்கே தெரியுது."

சாயந்திரம் அடக்கம். மண் போட்டேன்.

ஆடி 12, திங்கள்

அந்தப் பெண் வந்தாள். தாளைப் பார்த்தாள்.

"சனிக்கிழமை வரைக்கும் நல்லா இருந்திருக்கீங்களேய்யா. நேத்து ஏன் கோடு போடல?"

"கோவத்துக்கு முகம் இல்லயம்மா இதுல."

அந்தோணியைச் சொன்னேன். பேனாவை மூடினாள்.

"அவரு எங்க ஆய்வுல இல்லையேய்யா."

"அவன் எங்க வரிசையில உண்டு. எத்தன மணி நேரம் பாக்கேன்னு கேட்ட. யாரப் பாக்கேன்னு கேட்டியா?"

பூட்டைத் திறந்து தந்தாள். பேனாவையும் திறந்து தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினாள். என்ன என்று கேட்டேன். "அந்தோணி" என்றாள். எழுத்து தெரியாதவன், நம்பிக்கொண்டேன். பிரஷர் பார்க்கக் கையை நீட்டச் சொன்னாள். நீட்டவில்லை.

ஆடி 13, செவ்வாய்

ஆறு மணி. காற்று அடங்கவில்லை. சன்னலைச் சாத்திவிட்டுக் கூப்பிட்டேன்.

மாசானம். மூச்சு.
ராசம்மா. மூச்சு.
தாமஸ். மூச்சு.
வேலாயுதம். மூச்சு.
பீர் முகமது. "இருக்கேன்வே."
அந்தோணி. நிறுத்தினேன். ஒரு மூச்சு போதவில்லை.
சுடலைமுத்து. நான்தான். இருக்கேன்.

எட்டாவது, பேச்சியம்மாள். போனைக் காதோடு அமுக்கிக்கொண்டேன்.