முதல் கேள்வி

ரஜிதனுக்கு,

ஜெயபுரம் வயல்களில் ஆய்வுக்கு மண் எடுக்க நீ அனுமதி கேட்டது நேற்று, வயல் செய்யும் கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கு வந்தது. அமைப்பின் செயலாளர் யாரென்று நீ விசாரிக்கவில்லை போலும். கலாநிதிப் பட்டத்தோடு வேலையில்லாமல் வந்த என்னை இவர்கள்தான் செயலாளராக்கினார்கள்.

உப்பேறிய மண்ணையும் அதை விட்டுப் போகும் குடும்பங்களையும் சேர்த்தே ஆராய நாம் இருவரும் பயின்றோம். இதே வயல்களுக்கு ஒரே சைக்கிளில் வந்தோம். பிறகு நீ குடும்பங்களை மறந்துவிட்டு மண் விஞ்ஞானியாகி, பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் கதிரை பிடித்தாய். என் நேர்முகப் பரீட்சையில் அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, எல்லாம் தெரிந்த நீயே கேட்டாய்: "நீங்கள் எந்தத் துறை?"

அந்த "நீங்கள்" எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்றுத் தலைவி பேச்சியம்மா கேட்டார்: "மண்ணைப் பத்தித்தான் எழுதியிருக்கார். எங்களப் பத்தி ஒண்ணுமே இல்லையே?" நான் சொல்லிக்கொடுத்த கேள்வியல்ல அது. சொல்லிக்கொடுக்கத் தேவையும் இருக்கவில்லை. உன்னை நேரில் விசாரித்த பிறகுதான் முடிவு என்றார்கள்.

வெள்ளிக்கிழமை வா. உன் பல்கலைக்கழகத்தில் நம்மைப் போலவே இரண்டையும் படித்துப் பட்டம் பெற்றும், எந்தத் துறையும் வேலைக்குச் சேர்க்காமல் நிற்கிற கௌசலாவையும் கூப்பிட்டிருக்கிறேன். அவள் என் பக்கத்தில் இருப்பாள். ஊர்ச்சனம் முழுக்க இருக்கும்.

முதல் கேள்வி என்னுடையது. உனக்குத் தெரிந்த கேள்விதான். நானும் "நீங்கள்" என்றே கேட்பேன்.

இப்படிக்கு,
உன் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தவள்