வால்பக்க இருக்கையில் வரும் தாய்மாமன்

நன்மை பெருகுக. மூன்று ஆறுகள் கூடும் செங்கரை நாட்டின் கோமகனும், ஏழு ஏரிகள் அகழ்ந்தவரும், பஞ்சத்தில் களஞ்சியத்தைத் திறந்து வைத்துத் தாம் அரைவயிறு உண்டவருமாகிய மாமன்னர் கொற்றங்கோ அவர்களின் ஆணைப்படி, அவர்தம் அமைச்சன் பனையூர்கிழான் சாத்தன் எழுதிய ஓலை.

செங்குத்துப் பாறைகளை மதிலாகவும் தினைப்புனங்களைச் செல்வமாகவும் உடையதும், ஒரு கோடியில் அறைந்த முரசு மறுகோடியில் கேட்குமளவே பரப்புடையதுமான குன்றிமணி நாட்டின் அரசியார், எம் மன்னரின் ஒரே தங்கையார், தேமொழி நாச்சியார் திருமுன் இது படிக்கப்படுக. தங்கள் புனங்களில் கதிர் முற்றுக. தங்கள் சுனைகள் வற்றாதிருக்க. தங்கள் கொழுநர் விண்ணுலகு எய்திய செய்தி கேட்டு எம் கோட்டையில் மூன்று நாள் முரசு ஒலிக்கவில்லை. ஆறுதல் மொழிகளை விரித்தெழுத இப்போது பொழுதில்லை, பொறுத்தருள்க.

தங்கள் ஓலை எம்மை அடைந்து இன்றோடு இருபது நாள். வரும் வெள்ளிக்கிழமை, முழுமதி நாளன்று உச்சிப்பொழுதுக்குள், ஐந்து வயது இளவரசி பைந்தினையாரைத் தாய்மாமன் தன் மடியில் இருத்திப் தலைப்பாகை கட்டினால் அரசுரிமை இளவரசியாருக்கு. தாய்மாமன் வாராதொழியின், மறைந்த மன்னரின் தம்பி வயிரவனாருக்கு என்று தங்கள் நாட்டு முறையை அதில் எழுதியிருந்தீர்கள். மன்னர் அதைப் படித்த அப்பொழுதே என்னை அழைத்து, தரைவழியே பாறைகளைச் சுற்றி வர நாற்பது நாளாகும் என்பதால், அண்டரண்டப் பட்சியில் தமக்கு ஓர் இருக்கை பெறுமாறு பணித்தார். பஞ்சம் தீராத நாட்டில் தம் குடும்பக் காரியத்துக்குக் குடிகளின் பொருளைத் தொடலாகாது, தம் சொந்தக் கைப்பொருளிலேயே அது முடிய வேண்டும் என்றும் சொன்னார். மலிவாகப் பார் என்ற அந்த ஒரு சொல்லை நான் தலைமேல் வைத்துக்கொண்டேன். வினை அங்கே தொடங்கிற்று.

நாச்சியார் அறியாததன்று: எட்டுப் பேரைச் சுமந்து பறக்கும் அப்பட்சிகள் எந்த மன்னருக்கும் கட்டுப்படாத பட்சிப்பாகர் குழுவினுடையவை. தங்கள் நாட்டுக்கு நேரே பறப்பது மாதத்தில் ஒன்றே. அதில் இருக்கை இருந்தது. கேட்ட விலையும் மன்னரின் கைப்பொருளுக்கு எட்டுவதாகவே இருந்தது. ஆயினும் பேரத்தில் என்னை வெல்ல ஆளில்லை என்று மார்தட்டித் திரிந்தவன் நான். விற்காத இருக்கையைப் பறப்பதற்கு முதல் நாள் பாதி விலைக்குத் தள்ளிவிடுவது பாகர்களின் வழக்கம் என்று எங்கோ கேட்டதை நம்பிக் காத்திருந்தேன். காத்திருந்த காலத்தில் வாளாவிருந்தேனா என்றால் அதுவுமில்லை. காலையில் ஒரு பட்சிக்கூட்டிலும் மாலையில் வேறொரு கூட்டிலுமாகச் சென்று, குன்றிமணி நாட்டுக்கு இன்று என்ன விலை என்று கேட்டேன். நான் கேட்கக் கேட்க விலை ஏறிற்று. ஏன் ஏறுகிறது என்று அதையும் கேட்டேன். காதும் காதும் வைத்தாற்போல் முடித்திருக்க வேண்டிய காரியத்தை இவ்வாறு பத்து நாள் கடைத்தெருவில் பரப்பினேன்.

வயிரவனாரின் ஆட்கள் மோப்பம் பிடித்துவிட்டனர். பறக்கும் நாளுக்கு முதல் நாள் நான் பாதி விலையோடு சென்று நின்றபோது, எட்டு இருக்கைகளையும் அவர்களே வாங்கிவிட்டனர் என்று பாகர் தலைவன் சொன்னான். எட்டிலும் உப்பு மூட்டைகள் அமர்ந்து வந்ததைத் தங்கள் அரண்மனையார் கண்டிருப்பர். மன்னரிடம் சென்று நடந்ததைச் சொல்லித் தலை கவிழ்ந்து நின்றேன். அவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. வேறு பட்சி எது என்று மட்டும் கேட்டார். கடிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

வேறு பட்சி ஒன்று உண்டு. தங்கள் நாட்டுக்கு அப்பால், கடற்கரையில் உள்ள முத்தலைத்துறைக்குப் பறப்பது. வழியில் தங்கள் ஆனைச்சுனையில் இறங்கி நீர் குடித்து எழுவது. இதன் விலை தங்கள் நாட்டுக்கு உரியதைக் காட்டிலும் குறைவு. தொலைவு கூடியும் விலை குறைவது எப்படி என்று வினவியதற்கு, தன் பாட்டன் காலம் தொட்டு அப்படித்தான் என்றான் பாகன். முத்தலைத்துறை வரை விலை கொடுத்துவிட்டு இடையில் சுனையருகே இறங்கிக்கொள்வது என்று முடிவு செய்தோம். ஆனால் குழுவின் சட்டம் கொடியது. இடையில் இறங்குபவரின் பெட்டிகள் முத்தலைத்துறைக்கே போய்விடும். அவர் பெயரில் உள்ள திரும்பும் இருக்கையும் அழிந்துபோகும். ஆகவே மணிமுடி, பட்டு, தாய்மாமன் சீர் எதுவும் வாரா, மெய்க்காவலரும் வாரார். உடுத்த ஆடையோடு ஒருவரே வருகிறார்.

எஞ்சியிருந்ததோ வால்பக்கத்து ஒற்றை இருக்கை. ஒரு மூட்டை நெல்லின் எடைக்கு மேற்பட்டவரை அதில் ஏற்ற மாட்டார்கள். தங்கள் தமையனாரின் ஆகிருதியைத் தாங்கள் அறிவீர்கள். தராசில் இரண்டு மரக்கால் நெல் மிகுதியாக நின்றார். அன்று தொட்டு ஒன்பது நாளாக நீர்க்கஞ்சியன்றி வேறெதுவும் தொடவில்லை. கோட்டை மதிலை விடியலில் நான்கு முறையும் அந்தியில் நான்கு முறையும் ஓடிச் சுற்றுகிறார். நேற்று முன்தினம் படியில் கால் தடுமாறி அமர்ந்துவிட்டார். வைத்தியர் போதும் என்றார். மன்னர் தராசைக் கொண்டுவரச் சொன்னார். இன்று காலையும் ஓர் உழக்கு மிகுதி என்று தட்டு தாழவே, நாவிதரை அழைத்துத் தலைமுடியையும் மீசையையும் முற்றிலும் மழித்துவிட்டார். தட்டு நேராயிற்று. நான் தூணுக்குப் பின் சென்று அழுதேன். திரும்பும் வழியைப் பற்றி அவர் இதுவரை ஒரு முறையும் கேட்கவில்லை.

இனி நாச்சியார் செய்ய வேண்டுவது. செங்கரையிலிருந்து பொய்யான மாமன் ஒருவனை அனுப்புவார்கள் என்று வயிரவனார் தங்கள் நாட்டுப் பெரியோரிடம் முன்னரே சொல்லி வைத்திருப்பதாக அறிந்தோம். அப்பெரியோர் எவரும் எம் மன்னரைக் கண்டதில்லை. அவர் இல்லாத நாளில் நாட்டு ஆணைகள் செல்ல வேண்டுமாதலால் முத்திரை மோதிரமும் இங்கேயே இருக்கும். சுனையருகே மொட்டைத் தலையும் ஒடுங்கிய கன்னமும் கசங்கிய வேட்டியுமாக ஒருவர் இறங்கித் தாமே செங்கரை மன்னர் என்று சொன்னால், காவலர் சிரித்துவிட்டு மீண்டும் பட்சியில் ஏற்றிவிடுவர். பட்சி நீர் குடித்து முடிக்கும் வரையே அவகாசம். அவரை இன்னாரென்று உரைக்கவல்லவர் அந்நாட்டில் ஒருவரே உளர், அவர் தாங்கள்.

கணவரை இழந்த அரசி நாற்பது நாள் அரண்மனை வாசலைத் தாண்டலாகாது என்பது தங்கள் நாட்டு வழக்கம் என்பதை அறிவோம். அதைத் தாண்டுமாறு அமைச்சன் ஒருவன் எழுதுவது முறையன்று. ஆதலால் மன்னர் தம் வாய்மொழியாகவே எழுதப் பணித்தது இது: தங்கை வாசலைத் தாண்டினாள் என்று ஊர் பழி பேசினால் அப்பழி தமையனுடையது, அதைத் தாம் நாற்பது நாள் நடந்து வீடு திரும்பும் வழியெல்லாம் சுமப்பார், தாண்டாமல் இருந்து குழந்தையின் உரிமை போனால் அதைச் சுமக்க அக்குழந்தையன்றி வேறு ஆளில்லை.

ஆகையால் வெள்ளிக்கிழமை முற்பகலில் இளவரசியாரைக் கையில் பிடித்துக்கொண்டு, பெரியோர் காண, ஆனைச்சுனைக்கு வந்து நிற்க. இது செங்கரைக் கோமகனின் ஆணை. தமையனின் வேண்டுகோளும் அதுவே.

ஓலை சுமக்கும் சிறுபட்சி நாளை விடியலில் புறப்படும். மன்னர் நாளை மறுநாள் விடியலில். இவ்வோலைக்கு முத்திரையிட அவர் கை நீட்டியபோது மோதிரம் விரலில் நில்லாமல் இருமுறை கழன்று விழுந்தது. மூன்றாம் முறை நான் அவர் கையைப் பற்றிக்கொண்டேன். மெழுகில் முத்திரை சற்றே சாய்ந்து பதிந்திருப்பது அதனால்தான். ஐயுறற்க, இது அவருடையதே.