தாடை அசைந்த நான்கு நிமிடம்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். மூட்டு வலி தேவலையா? பல்செட்டைப் போட்டுக்கொள்கிறீர்களா, இல்லை வழக்கம்போல டப்பாவில் தூங்குகிறதா? நான் நலம். கொஞ்சம் அசதி, அவ்வளவுதான்.

இங்கே எங்கள் ஆய்வகத்தில் ஒரு கூத்து நடந்தது. தாடையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு வாய் எவ்வளவு அசைகிறது என்று அளக்க ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறோம். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல தாடை ஒன்று வேண்டுமே என்று சனி, ஞாயிறு இரண்டு நாளும் அதை நானே ஒட்டிக்கொண்டேன். திங்கட்கிழமை பேராசிரியை பதிவைப் பார்த்துவிட்டு, "கருவி கெட்டுப்போச்சு போலிருக்கே. சாப்பிட்ட நேரம் தவிர கோடு அசையவே இல்லையே" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு மேடம். பேச ஆள் இல்ல" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பதிவில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கான ஓரிடத்தைத் தொட்டு, "இங்க மட்டும் நாலு நிமிஷம் துள்ளுதே?" என்றார்.

அது நீங்கள் போன் செய்த நேரம், அப்பா.

கவலைப்படாதீர்கள். அந்த வாரம் பக்கத்து அறைப் பெண் ஊருக்குப் போயிருந்தாள், அதனால்தான். முடிந்தால் உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், தலையணை உறைக்கு ஆகும். பல்செட்டை மறக்காதீர்கள். பல் அழுத்தாத தாடை எலும்பு தேய்ந்துபோகிறது, தினமும் ஸ்கேனில் பார்க்கிறேன்.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வரும் நேரமாகிவிட்டது. வரும் ஞாயிறும் கருவியை ஒட்டிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். "நீ வேலையா இருப்பே, வெச்சுடறேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அன்று எனக்கு வேலையே பேசுவதுதான்.

உங்கள் மகள்