அசனத்துக்குக் கிடைத்த அனுமதி

வெள்ளறடை
24-1-1955

அன்பு மகள் லீலாபாய்க்கு, அப்பா செல்லையன் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். தூத்துக்குடியில் நீயும் மருமகன் ஜஸ்டஸும் சுகமென்று கடிதத்தில் கண்டோம். உனக்கு ஏழாம் மாதம் பிறந்ததும் பேறுகாலத்துக்கு உன்னை அழைத்து வர அம்மா இப்போதே பரபரக்கிறாள். பலகாரத்துக்கு அரிசி இடிக்க உலக்கையைக் கழுவி வைத்தாயிற்று.

ஊரில் ஒரு தொல்லை. வசூரி, அதுதான் பெரியம்மை, வந்திருக்கிறது. நாலு வீட்டில் கண்டு, கடைசியாகப் போன வாரம் பாட்டுக் குழுவில் பாடும் ஆனந்தபாய்க்கும் முத்துப் போட்டது. சாவு ஒன்றுதான். அதற்குள் சுகாதார இன்ஸ்பெக்டர் சந்தையை அடைத்து, ஆராதனை கூடாது, சபையார் கூடி உண்ணும் அசனம் கூடாது, வெளியூரார் வரக்கூடாது என்று உத்தரவு ஒட்டிவிட்டார். நீ வரவும் முடியாதாம்.

போன ஆகஸ்டில் மார்த்தாண்டத்தில் தமிழர் போராட்டத்தில் சுட்ட பிறகு, தமிழ் பேசுகிற நாலு பேர் சேர்ந்து நின்றாலே போலீசுக்குப் பொறுப்பதில்லை. இப்போது வசூரியின் பெயரால் அதையே செய்கிறார்கள் என்பது என் கருத்து. இந்த மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கேட்கிறவர்கள் நோய் வந்தாலும் ஒன்றுகூடி ஜெபிக்கக்கூடாதா? மனு எழுதி நூற்று முப்பது பேரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டேன். சபைச் செயலாளன் என்று சும்மா பெயருக்கு இருக்க என்னால் ஆகாது.

அன்புள்ள அப்பா


வெள்ளறடை
8-2-1955

அன்பு மகளுக்கு,

ஜெயித்தோம். பதினைந்து நாளாகப் புதிதாக யாருக்கும் காணவில்லை என்பதாலும், தமிழர்கள் கலகம் செய்வார்களோ என்ற பயத்தாலும் மேலதிகாரிகள் உத்தரவை எடுத்துவிட்டார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் வீட்டுக்கு வந்து, கடைசி நோயாளிக்குப் பொருக்கு முழுதும் உதிரட்டும், இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள் சாரே என்று கெஞ்சினார். நல்ல மனிதர்தான், ஆனால் அரசாங்கச் சம்பளக்காரர். மோர் கொடுத்து அனுப்பினேன்.

ஞாயிறன்று அசனம் நடந்தது. அம்பூரியிலிருந்தும் உறவுக்காரர் வந்து, முந்நூறு பேருக்கு மேல் சாப்பிட்டார்கள். சமையல்காரர் ராபின்சன் வைத்த ஆட்டுக்கறியைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு.

சாகக் கிடந்து பிழைத்தவர்கள் முதல் பந்திக்குத் தங்கள் கையால் சோறு போடுவது நம் சபை வழக்கமல்லவா? ஆனந்தபாயை அழைத்தேன். முகமெல்லாம் ஆறித் தழும்பாகிவிட்டது. உள்ளங்கையில் மட்டும் கறுப்பாகச் சில பொருக்குகள். "அண்ணா, கையில இன்னும் மிச்சம் உண்டு, நான் மாறி நிக்கேன்" என்று ஒதுங்கினாள். ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராதே, உனக்கென்ன பயம் என்று நான்தான் தைரியம் சொன்னேன். ஆனாலும் முதலில் இலையில் வாங்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. உன் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. முன்னால் போய் உட்கார்ந்து, "எனக்குப் போடு மக்கா" என்று வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு பந்தி முழுதும் வாங்கியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

தடுப்புக்கு அம்மை குத்துகிறவர் வந்தபோது அம்மா ஒளிந்துகொண்டாள். கை வீங்கினால் அரிசி இடிக்க முடியாதாம். 21ஆம் தேதி திங்களன்று இருவரும் வருகிறோம். பெட்டியைக் கட்டி வை.

அன்புள்ள அப்பா


வெள்ளறடை
26-2-1955

மகளே,

கையெழுத்து ரெத்தினதாஸ் வாத்தியாருடையது. அவர் தெருவில் வேலிக்கு அப்பால் நின்று எழுதுகிறார். நான் கிணற்றடியில் நின்று சொல்கிறேன். நம் வீட்டுக் காகிதம் உன் கைக்கு வரக்கூடாது.

திங்களன்று ஏன் வரவில்லை என்று தவித்திருப்பாய். 18ஆம் தேதி அம்மாவுக்குக் காய்ச்சலும் இடுப்பு வலியும். அரிசி இடித்த அலுப்பு என்றாள். மூன்றாம் நாள் நெற்றியில் முத்துப் போட்டது. காய்ச்சல் மூன்று நாள் பிந்தியிருந்தால் அதை உன் வீட்டுக்கே கொண்டுவந்திருப்போம்.

இங்கே பதினோரு பேருக்கு, அம்பூரியில் மூன்று வீட்டில். இன்ஸ்பெக்டர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அசனத்தில் எந்தப் பந்தி என்று கேட்டார். எல்லாரும் முதல் பந்தி. ஒருமுறை வந்தவருக்கு மறுபடி வராது என்பது சரிதான், அவர் பொருக்கிலிருந்து மற்றவருக்கு வருமே சாரே என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஊரார் ஆனந்தபாயைப் பழித்தார்கள். அவள் மாறி நிற்கிறேன் என்றாள், கரண்டியைக் கையில் கொடுத்தது நான், உத்தரவை எடுக்க மனு எழுதியதும் நான் என்று வேலியருகே நின்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். அவளோ பொருக்கெல்லாம் உதிர்ந்த பிறகு, யாரும் அழைக்காமலே நம் வீட்டுக்கு வந்து, அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். ஆராதனையை இப்போது நானே நிறுத்தச் சொல்லிவிட்டேன். எனக்குச் சிறு வயதில் அம்மை குத்தியிருப்பதால் ஒன்றுமில்லை. ஜஸ்டஸ் உடனே குத்திக்கொள்ளட்டும். உனக்குக் குத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அம்மா இடித்து வைத்த மாவை எரித்துவிட்டேன்.

நீயாகப் புறப்பட்டு வரப்போவதாக ஜஸ்டஸ் எழுதியிருக்கிறார். வராதே. வயிற்றுப் பிள்ளையோடு இந்த வாசலை மிதிக்காதே. அம்மாவுக்குக் கண் திறக்க முடியவில்லை, காது நன்றாகக் கேட்கிறது. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டே கிடந்தவள், தானும் ஒன்று சொல்லவேண்டும் என்று ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "பிள்ளைய எடுத்துட்டு பொறவு வா மக்கா. நான் கெடக்குத எடத்த அப்பா காட்டித் தருவாரு."

வாத்தியார் எழுதத் தயங்கினார். எழுதுங்கள் என்றேன். அவள் சொல்லை நீ ஒருநாளும் தட்டியதில்லை.

கர்த்தர் உன்னையும் பிள்ளையையும் தம் செட்டைகளின் கீழ் வைத்துக் காப்பாராக. தந்தி வந்தாலும் வராதே, மகளே.

அப்பா