மாமன் மடி

மாசி 5, செவ்வாய்

விடியக்காலைல நல்ல பனி, எட்டு மணிக்கே சுள்ளுன்னு வெயில். முந்திரி பூத்து நிக்குது. மருந்தடிக்க ஆள் சொல்லணும்.

தங்கச்சி கலா போன். ஞாயித்துக்கெழம கோயில்ல பாப்பாவுக்கு மொட்டை, காதுகுத்து. "அண்ணே, மடில நீதான வச்சுக்குவ?" "பின்ன எவன்?"னு கெத்தா சொல்லிட்டேன். போன வச்சப்புறந்தான் உறைச்சது. பலகைல சம்மணம் போட்டு உக்காரணும். பட்டாளத்துல கண்ணிவெடில இடது கால் முட்டிக்குக் கீழ போனதுலேருந்து நாற்காலிதான், கட்டில்தான்.

மாசி 6, புதன்

கதவச் சாத்திக்கிட்டு ப்ராக்டீஸ். செயற்கைக் கால் சம்மணத்துக்கு ஒத்துவரல. பாதம் குறுக்க நீட்டிக்கிட்டு நிக்குது, விளிம்பு முட்டிக்குப் பின்னாடி அறுக்குது. சாஞ்சு விழுந்தேன். செல்வி ஓடியாந்தா.

"என்னா சத்தம்?"

"எலி."

"எழுவது கிலோ எலியா?"

பொண்டாட்டிக்கு வாய் ஜாஸ்தி.

மாசி 8, வெள்ளி

சீரு வாங்க ஜெயங்கொண்டம் போனேன். பட்டுப்பாவாடை, தோடு, சந்தனம். பஸ்ல ஒருத்தர் எந்திரிச்சு எடம் குடுத்தாரு, வேணாம்னு நின்னேன். வீம்பு. இப்ப வலி.

வூட்டுல பெரியப்பா. "மிலிட்டரி, நீ வந்து நின்னாப் போதும்ப்பா. மடிக்கு எம்மவன் சரவணன் இருக்கான். அவனும் மாமன்தான." நல்லதுக்குத்தான் சொன்னாரு. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கலா கல்யாணத்துக்கே லீவு கெடைக்கல எனக்கு. இதையும் விடணுமா?

மாசி 9, சனி

எந்திரிச்சதும், கால் மாட்டுறதுக்கு முன்னாடி, கட்டில்ல சும்மா மடக்கிப் பாத்தேன். சம்மணம் தானா வருது! அடச்சே, மூணு நாளா இது தோணலயே.

ஆனா செல்வியத் தவிர அந்தக் கொறைக் காலை யாரும் பாத்ததில்ல. கலாகூட. சொந்தபந்தம் அத்தன பேரு முன்னாடி கழட்டுறதா? செல்விட்ட கேட்டேன். "கோயிலுக்கு வெளிய செருப்பக் கழட்டுறதில்ல? அப்புடி நெனச்சுக்கங்க"ன்னுட்டு தோசை திருப்பப் போயிட்டா.



மாசி 10, ஞாயிறு

கூட்டம். "சரவணா, உக்காருடா"ன்னாரு பெரியப்பா.

"இருங்க பெரியப்பா"ன்னேன். நாற்காலில உக்காந்து, வேட்டிய வழிச்சு, காலைக் கழட்டினேன். செல்வி வாங்கி வச்சுக்கிட்டா. சரவணன் தோளக் குடுத்தான், புடிச்சு எறங்கிப் பலகைல உக்காந்தேன். கலாவுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. "அழுவாத, பாப்பாவக் குடு"ன்னேன்.

மொட்டைக்கு அழல. ஊசியப் பாத்ததும் வீல்னு ஒரு கத்து. ரெண்டு காதும் முடியறதுக்குள்ள வேட்டியெல்லாம் நனைச்சுட்டா.

"மாமனுக்கு மொத சீரு மருமவதான் செஞ்சிருக்கா டோய்!" பெரியப்பாதான். ஒரே சிரிப்பு.

செல்வி கழட்டின காலை எடுத்து நீட்டினா, மாட்டிக்கங்கன்னு. இருக்கட்டும்னேன். பந்தி பக்கத்துலயே. ஈர வேட்டியோட நவுந்து போயி, எல்லாரோடயும் தரைல உக்காந்து சாப்புட்டேன். சோறு ரெண்டு தடவை.